கஜானா நிறைஞ்சிருந்தும் நர்ஸ் சம்பளம் ஏறாத கதை: டென்மார்க்

நர்ஸுகள் சம்பள உயர்வு கேட்டால் எந்த ஊரிலும் முதலில் வரும் பதில் "கஜானா காலி" என்பதுதான். பெரும்பாலான அரசுகள் உண்மையிலேயே பற்றாக்குறையில்தான் ஓடுகின்றன, அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சரி, கஜானா காலியா இல்லாத நாட்டில் என்ன நடக்கும்? வருஷா வருஷம் செலவைவிட வரவு அதிகமா இருக்கிற அரசிடம் நர்ஸுகள் கேட்டால் கொடுத்துடுவாங்களா?

இதைப் பார்க்க டென்மார்க்கைவிட நல்ல இடம் கிடைக்காது. சுமார் 60 லட்சம் பேர் வாழும் நாடு. மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசுடையவை, அதனால் நர்ஸுகளில் மிகப் பெரும்பாலோர் அரசுச் சம்பளக்காரர்கள். யூனியன் பலமானது. 2005 முதல் 2008 வரை ஒவ்வொரு வருஷமும் அந்நாட்டின் பொது நிதி உபரியில் இருந்தது, அதுவும் ஜிடிபியில் 3 சதவீதத்துக்கு மேல். நிதி நெருக்கடிக்குப் பிறகு சில வருஷம் பற்றாக்குறை. பிறகு 2021 முதல் 2024 வரை மறுபடியும் வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் உபரி. நர்ஸுகளின் இரண்டு பெரிய ஸ்ட்ரைக்குகள் நடந்த வருஷங்கள் எவை தெரியுமா? 2008, 2021. இரண்டுமே உபரி வருஷங்கள்.

"உபரி இருக்கு, நர்ஸுக்குக் கொடு" என்ற கோஷத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு தரப்பும் பணத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. டென்மார்க்கில் பூட்டு இருந்த இடம் வேறு.

2008: "நாங்க தலையிட மாட்டோம்"

2008 ஏப்ரலில் டேனிஷ் நர்ஸுகள் யூனியனும் மற்ற சில சுகாதாரத் தொழில் யூனியன்களும் ஸ்ட்ரைக் தொடங்கின. கோரிக்கை மூன்று வருஷத்தில் 15 சதவீத உயர்வு. பெண்கள் அதிகமாக வேலை பார்க்கும் தொழில்களுக்குச் சம்பளம் குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அப்போதைய பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முசனின் அரசு சொன்ன பதில், டென்மார்க்கில் சம்பளத்தை அரசியல்வாதிகள் முடிவு செய்வதில்லை என்பது. முதலாளி தரப்பும் யூனியனும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் அந்த நாட்டு வழக்கம். அதை 'டேனிஷ் மாடல்' என்று பெருமையாகவே சொல்வார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம்கூட அங்கே கிடையாது, எல்லாமே ஒப்பந்தம்தான்.

ஸ்ட்ரைக் சுமார் 8 வாரம் ஓடியது. முடிவில் கிடைத்தது 13.3 சதவீதம். ஆரம்பத்தில் கொடுக்க முன்வந்தது 12.8. அரை சதவீதத்துக்காக இரண்டு மாதம்! ஒரு சம்பளக் கமிஷன் அமைக்கப்பட்டது. அது 2010இல் அறிக்கை கொடுத்தபோது நிதி நெருக்கடி வந்துவிட்டிருந்தது. உபரியும் போச்சு, பேச்சும் போச்சு.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்கணும். தனியார் கம்பெனியில் ஸ்ட்ரைக் நடந்தால் உற்பத்தி நின்று முதலாளிக்கு நஷ்டம், அந்த வலிதான் பேச்சுவார்த்தைக்கு இழுக்கும். அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரைக் நடந்தால் சம்பளம் மிச்சம். வரிப் பணம் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். அதாவது ஸ்ட்ரைக் ஆக ஆக முதலாளியின் கணக்கில் பணம் சேர்கிறது. வலி போய்ச் சேர்வது தள்ளிப்போன ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிக்கும், ஸ்ட்ரைக் நிதியைக் கரைக்கும் யூனியனுக்கும்.

2021: "இப்போ தலையிடுறோம்"

பதின்மூன்று வருஷம் கழித்து, கோவிட் நடுவே, அதே கோரிக்கை. மத்தியஸ்தர் முன்வைத்த ஒப்பந்தத்தில் மூன்று வருஷத்துக்கு 5.02 சதவீத உயர்வு. யூனியன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு 'வேண்டாம்' ஓட்டு. ஜூன் 19 அன்று ஸ்ட்ரைக் தொடங்கியது. அவசர சிகிச்சைகள் பாதிக்கப்படாதபடி உறுப்பினர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் முதலில் வெளியே வந்தார்கள்.

பத்து வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், மெட்டே ஃப்ரெடெரிக்சனின் அரசு நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு ஸ்ட்ரைக்கை முடித்தது. சட்டத்தில் இருந்தது என்ன? நர்ஸுகள் இரண்டாவது ஓட்டில் நிராகரித்த அதே ஒப்பந்தம். கூடவே சம்பள அமைப்பை ஆராய ஒரு கமிட்டி. அதற்குப் பிறகு பல மருத்துவமனைகளில் நர்ஸுகள் தாங்களாகவே ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். அது ஒப்பந்த விரோதம் என்று தொழிலாளர் நீதிமன்றம் அபராதம் போட்டது.

இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 2008இல் கூடுதல் பணம் கேட்டபோது "சம்பளத்தில் அரசு தலையிடாது". 2021இல் ஸ்ட்ரைக்கை நிறுத்த வேண்டியபோது அரசு தலையிட்டது. 1999இல் நர்ஸுகள் ஸ்ட்ரைக்கும் சட்டத்தால்தான் முடிக்கப்பட்டது. 2013இல் ஆசிரியர்களை முதலாளி தரப்பே வெளியே நிறுத்தியபோதும் முடிவு சட்டத்தால்தான் வந்தது. கொடுக்கும்போது தலையிடாத கை, நிறுத்தும்போது மட்டும் நீளுகிறது. 'தலையிடாமை' ஒரு கொள்கையாக இருந்தால் இரண்டு பக்கமும் பொருந்தணும். ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால் அது பேரம் பேசும் உத்தி. டேனிஷ் மாடல் மேல் என் முதல் விமர்சனம் இதுதான்.

உபரி யாருடையது?

"அரசிடம் உபரி இருந்தது" என்று சொல்லும்போது எந்த அரசு என்று கேட்கணும். டென்மார்க்கில் மருத்துவமனைகளை நடத்தியது மத்திய அரசு அல்ல, 2007 சீர்திருத்தத்தில் உருவான ஐந்து பிராந்தியங்கள். அவைதான் நர்ஸுகளின் முதலாளி. அந்தப் பிராந்தியங்களுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மத்திய அரசு வருஷா வருஷம் பேசி ஒதுக்கும் தொகையில்தான் ஓட்டணும். அதற்கு மேல் 2012இன் பட்ஜெட் சட்டம் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீறினால் தண்டனையாக ஒதுக்கீடு வெட்டப்படும்.

இதன் விளைவு விசித்திரமானது. மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து நர்ஸுகளோடு பேசுபவரிடம் உபரி இல்லை. உபரி உள்ளவர் மேஜையில் இல்லை. "எங்களிடம் பணம் இல்லை" என்று பிராந்தியம் சொல்வது உண்மை. "நாங்கள் சம்பளம் பேசுவதில்லை" என்று மத்திய அரசு சொல்வதும் சட்டப்படி உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் நர்ஸ் நிற்கிறார்.

நிதி அமைச்சகத்தின் வாதம்: அதில் நியாயம் எவ்வளவு?

உபரியைச் சம்பளத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்பவர்களை வெறும் கஞ்சர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் வாதத்தை முழு பலத்தோடு எழுதிப் பார்க்கலாம்.

ஒன்று, உபரி நிலையற்றது. டென்மார்க்கில் பென்ஷன் ஃபண்டுகள் சம்பாதிக்கும் லாபத்துக்குத் தனி வரி உண்டு. பங்குச் சந்தையும் வட்டி விகிதமும் ஆடுகிற ஆட்டத்தில் அந்த வரி வருமானம் ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கான கோடி குரோனா ஏறும், இறங்கும். 2021 கோடையில் ஸ்ட்ரைக் நடந்தபோது நிதி அமைச்சகத்தின் கணிப்பே பற்றாக்குறை என்றுதான் இருந்தது. வருஷம் முடிந்து கணக்குப் பார்த்தபோதுதான் அது பெரிய உபரி என்று தெரிந்தது. சம்பளமோ ஒருமுறை ஏற்றினால் இறங்காது. லாட்டரிச் சீட்டு விழுந்த பணத்தை நம்பி மாதாமாதம் கட்டும் கடன் வாங்கக் கூடாது இல்லையா?

இரண்டு, எல்லோரும் கேட்பார்கள். நர்ஸுக்குக் கொடுத்தால் ஆசிரியர், அவர் பின்னால் இன்னொருவர். அங்கே அரசு ஊழியர் சம்பள வளர்ச்சி, தனியார் துறையின் சம்பள வளர்ச்சியோடு ஒரு சூத்திரத்தால் கட்டப்பட்டிருக்கிறது. ஏற்றுமதித் தொழில்கள் தாங்கக்கூடிய அளவே எல்லோருக்கும் வழிகாட்டி.

மூன்று, பணம் இருக்கு, ஆள் இல்லை. வேலையின்மை குறைவாக இருக்கும் பொருளாதாரத்தில் அரசு கூடுதலாகக் கொட்டினால் விலைதான் ஏறும்.

மூன்றுமே அர்த்தமுள்ளவைதான். ஆனால் இந்த மூன்றையும் அரசு மற்ற விஷயங்களில் எப்படிக் கடைப்பிடித்தது என்று பார்த்தால்தான் பிரச்சினை தெரியும்.

2023 டிசம்பரில் ஃப்ரெடெரிக்சனின் கூட்டணி அரசு வருமான வரியைக் குறைக்க ஒப்பந்தம் போட்டது. வரிக் குறைப்பும் நிரந்தரச் செலவுதான். ஒருமுறை குறைத்தால் திரும்ப ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த நிதி அமைச்சரையும் கேட்டுப் பாருங்க. 'உபரி நிலையற்றது' என்ற எச்சரிக்கை அதைத் தடுத்து நிறுத்தவில்லை. நிரந்தரச் செலவுக்கு இடம் இருக்கு என்று அமைச்சகமே கணக்குப் போட்டுத்தான் குறைத்தது. அப்படியானால் கேள்வி 'முடியுமா' என்பது இல்லை, 'யாருக்கு முதலில்' என்பது. அதை அப்படியே சொல்லலாமே!

அதே வருஷம் பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. 1686 முதல் இருந்துவந்த 'பெரும் பிரார்த்தனை நாள்' என்ற பொது விடுமுறையை அரசு ரத்து செய்தது. பாதுகாப்புச் செலவுக்காக என்றார்கள். எதிர்பார்த்த வருமானம் சுமார் 300 கோடி குரோனா. அந்த வருஷத்தின் உபரி 8,000 கோடி குரோனாவுக்கு மேல். இவ்வளவு உபரி வைத்துக்கொண்டு 300 கோடிக்காக எதுக்கு ஒரு நாள் லீவைப் பிடுங்கணும் என்று மக்கள் கேட்டார்கள். அரசின் பதில் மூன்றாவது வாதம்தான்: பணம் அல்ல, வேலை செய்யும் கைகள்தான் குறைவு. சரி, கைகள்தான் பிரச்சினை என்றால், வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்த நர்ஸுகளின் கைகளைப் பிடித்து நிறுத்துவதற்கான வழியல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? சம்பளம் பிடிக்காமல் போனவர்கள் பலர் வேலையை விடவில்லை. தனியார் மருத்துவமனைக்கோ, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கோ போனார்கள். அதே பிராந்தியங்கள் அதே நர்ஸுகளை ஏஜென்சி வழியாக அதிக விலைக்குத் திரும்ப அழைத்தன.

1969இல் போட்ட பூட்டு

இப்போ அசல் பூட்டுக்கு வருவோம். 1969இல் டென்மார்க் அரசு ஊழியர் சட்டத்தைச் சீர்திருத்தியது. எல்லாத் தொழில்களையும் ஒரு சம்பள ஏணியின் படிகளில் வைத்தார்கள். நர்ஸ், மருத்துவச்சி, மழலையர் பள்ளி ஆசிரியை போன்ற பெண்கள் நிறைந்த வேலைகள், ஒத்த படிப்பும் பொறுப்பும் கொண்ட ஆண்கள் நிறைந்த வேலைகளுக்குக் கீழே போயின. டென்மார்க்கின் மனித உரிமை நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அந்தச் சீர்திருத்தத்தை ரத்து செய்யக் கோரிய மனுவில் 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு அது நாடாளுமன்றம்வரை போனது. அங்கே தோற்றது.

அந்தப் பழைய சட்டத்தின்கீழ் இன்று நர்ஸ்கள் யாரும் பெரிதாக இல்லை, எல்லாம் ஒப்பந்தங்களுக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு என்பார்கள் எதிர்த் தரப்பினர். உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்க. ஒருத்தர் சம்பளம் 30,000, இன்னொருத்தர் 40,000 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 5 சதவீதம் ஏற்றினால் 31,500, 42,000. இடைவெளி 10,000இல் இருந்து 10,500 ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சதவீதம் என்ற ஏற்பாடு நியாயமாகத் தெரியும். ஆனால் அது ஆரம்ப வரிசையை அப்படியே உறைய வைக்கும் ஏற்பாடு. சட்டம் போனாலும் வரிசை போகாது.

உபரி விவாதத்தில் காணாமல் போவது இதுதான். நர்ஸுகள் கேட்டது 'எங்களுக்கும் கொஞ்சம்' என்பது அல்ல, 'எங்க படியை மாத்துங்க' என்பது. படியை மாற்றினால் மேலே உள்ளவர் யாருக்காவது தன் இடம் குறைந்ததாகத் தோன்றும். அதைவிட ஒருமுறைப் பணம் கொடுப்பது சுலபம். 2021 ஸ்ட்ரைக் முடிந்த சில வாரங்களில் மருத்துவமனைகளுக்குக் குளிர்காலத்துக்கென்று 100 கோடி குரோனா ஒதுக்கினார்கள், ஊழியர்களை வேலையில் பிடித்து வைக்க. போனஸ் நல்லதுதான், கை நிறைய வாங்கிக்கலாம். ஆனால் அது அடுத்த வருஷம் இருக்காது, பெரும்பாலும் பென்ஷனிலும் சேராது. உபரிக்கு மிகப் பொருத்தமான செலவு போனஸ்தான்: ஒருமுறை வந்தது, ஒருமுறை போகிறது. அதனாலேயே "உபரியிலிருந்து கொடு" என்ற கோஷம் நர்ஸுகளுக்கு ஆபத்தானது. அந்தக் கோஷத்துக்கு அரசு 'சரி' என்றால் கிடைப்பது போனஸ்தான். சம்பளம் இனாமாக மாறிவிடும்.

2023: கடைசியில் திறந்தது எப்படி?

சட்டத்தோடு வந்த கமிட்டி 2023 ஜூனில் அறிக்கை தந்தது. இதற்கிடையில் 2022 தேர்தல் வந்து, நர்ஸுகள் சம்பளம் பிரச்சார விஷயமாகி, ஃப்ரெடெரிக்சனே பொதுத்துறைச் சம்பள உயர்வுக்கு 300 கோடி குரோனா தருவதாக வாக்களித்திருந்தார். 2023 டிசம்பர் 4 அன்று மத்திய அரசு, பிராந்திய, நகராட்சி முதலாளிகள், யூனியன்கள் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். முழுதாக அமலுக்கு வரும்போது வருஷத்துக்கு 680 கோடி குரோனா. நர்ஸ், முதியோர் பராமரிப்பு உதவியாளர், மழலையர் பள்ளி ஆசிரியர், சிறைக் காவலர் போன்ற தொழில்களுக்கு, வழக்கமான ஒப்பந்த உயர்வுக்கு மேல். முழுநேர நர்ஸுக்குச் சராசரியாக மாதம் 2,500 குரோனா, நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 30,000 ரூபாய், வரிக்கு முன்.

உபரி உள்ளவர் முதல் முறையாக மேஜைக்கு வந்தார். அவ்வளவுதான் மாறியது. அந்த வருஷ ஜிடிபி சுமார் 2.8 லட்சம் கோடி குரோனா. 680 கோடி என்பது அதில் கால் சதவீதம்கூட இல்லை, அந்த வருஷ உபரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 'டேனிஷ் மாடல் உடைந்துவிடும்' என்று பதினைந்து வருஷம் பயமுறுத்திய விஷயம் நடந்தது. மாடல் உடையவில்லை.

ஆனால் சும்மா கொடுக்கவில்லை. மாலை, இரவு, வார இறுதி ஷிஃப்டுகளை அதிகம் பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், பகுதிநேரத்தில் இருப்பவர்கள் முழுநேரத்துக்கு வரணும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் பேரம். உயர்வின் ஒரு பகுதி அந்த நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கான படியாகத்தான் போகிறது. பகலில் மட்டும் வேலை பார்க்கும் நர்ஸுக்கும் நைட் ட்யூட்டி நர்ஸுக்கும் ஒரே அளவு ஏறவில்லை. இதை யூனியனுக்குள்ளேயே சிலர் குறையாகப் பார்த்தார்கள். நைட் ட்யூட்டிக்குக் கூடக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 1969இன் வரிசை அநியாயம் என்று ஒப்புக்கொண்டு திருத்துவது ஒன்று, கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வேறொன்று. இந்த ஒப்பந்தம் இரண்டையும் கலந்துவிட்டது, முதலாவதை வாய்விட்டுச் சொல்லாமல்.

அப்போ உபரியை வைத்து என்னதான் செய்வது?

உபரி ஒரு சாக்கை மட்டும் அடைக்கும். "பணம் இல்லை" என்று சொல்ல முடியாமல் செய்யும். அதற்குமேல் அதிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதனால் உபரி வருஷத்தில் கேட்க வேண்டியதை இரண்டாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒருமுறைச் செலவுகளை உபரியிலிருந்து கேட்கலாம்: நர்ஸிங் படிப்புக்குக் கூடுதல் இடம், தேங்கிக் கிடக்கும் ஓவர்டைம் பாக்கி, ஏஜென்சியிலிருந்து நிரந்தர வேலைக்குத் திரும்புபவர்களைச் சேர்க்கும் செலவு. சம்பளப் படியை மாற்றும் கோரிக்கையை உபரியோடு கட்டவே கூடாது. அது வரிக் குறைப்பும் ராணுவச் செலவும் பேசப்படும் அதே நிரந்தரக் கணக்கில், அவற்றோடு போட்டி போட்டு உட்கார வேண்டியது. உபரியோடு கட்டினால், உபரி போகும் வருஷத்தில் கோரிக்கையும் சேர்ந்து போகும். 2008க்குப் பிறகு நடந்தது அதுதான்.

2023 ஒப்பந்தத்தில் பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு ஒருமுறை படி ஏறியிருக்கிறது. அதற்கு மேல் இனி வழக்கம்போல எல்லோருக்கும் ஒரே சதவீத உயர்வுதான். பட்டியலில் இல்லாத தொழில்கள் அடுத்து வந்து கேட்கும்போது, சம்பளத்தில் தலையிடுவதில்லை என்ற பழைய பதில் திரும்ப வருமா என்று பார்க்கணும்.